தள்ளி நில்லுங்க

விடுப்பில் வந்த தம்பி சாயங்காலம் போர்முனைக்குத் திரும்புகிறான். அதற்குள் நாலு பேரும் சேர்ந்து ஒரு படம் எடுத்தே ஆக வேண்டும் என்று அம்மா ஒற்றைக்காலில் நின்றாள். எங்கள் வீட்டு முன்னறைதான் ஸ்டூடியோ. ஊரிலுள்ள குடும்பங்களையெல்லாம் படம் பிடித்த அப்பா எங்களோடு சேர்ந்து ஒரு படத்திலும் நின்றதில்லை.

அப்பா தொழிலில் அதிகம் சொன்ன வார்த்தை "நெருங்கி நில்லுங்க" என்பதுதான். சண்டை போட்டுக்கொண்டு வந்த புருஷன் பெண்டாட்டிகூட அவர் பேச்சுக்குத் தோளோடு தோள் ஒட்டி நிற்பார்கள். தம்பி வந்ததிலிருந்து வீட்டில் அதற்கு நேர்மாறு. சாப்பிட உட்கார்ந்தால், "தள்ளி உக்காருங்க" என்பான். குண்டு ஒன்று வந்து விழுந்தால் சாவு ஒருத்தனோடு போக வேண்டுமாம். அங்கே அப்படித்தான் பழக்கியிருக்கிறார்கள். அம்மா முந்தானையைப் பிடித்துக்கொண்டே திரிந்த வாலு நீதானா என்று முதலில் கேலி செய்தேன். பிறகு, அவன் தூங்கும்போதும் நாங்கள் மூன்று பேரும் மூலைக்கொருவராக உட்கார்ந்து சாப்பிடுவதைக் கவனித்தேன். அதன்பின் கேலி வரவில்லை. பயமாக இருந்தது.

ஏரி வரைந்த திரைக்கு முன்னால் நானும் அம்மாவும் போய் நின்றோம். தம்பி திரையின் மறுகோடியில் நின்றுகொண்டான்.

"இங்க வாடா," என்றாள் அம்மா.

"இருக்கட்டும்மா. தள்ளி நின்னா அக்காவுக்கு வெட்டுறது சுலபம்."

அப்பாவின் கை கேமராவிலேயே நின்றுவிட்டது. சண்டை தொடங்கியதிலிருந்து எங்களிடம் வருகிறவர்களில் பாதிப்பேர் பழைய குடும்பப் படத்தோடுதான் வருகிறார்கள். அதிலிருந்து ஒரு பையனின் முகத்தை மட்டும் வெட்டியெடுத்து, பெரிதாக்கி, சட்டம் போட்டுத் தர வேண்டும். கம்ப்யூட்டரில் வெட்டுவது என் வேலை. ஒட்டி நின்ற படமென்றால் பையனின் தோளில் யாருடைய விரல்களாவது மிச்சமிருக்கும். அவற்றை அழிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். முந்தின நாள் தம்பி என் பின்னால் நின்று வெகுநேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தான். பொழுது போகாமல் நிற்கிறான் என்று நினைத்தேன்.

தட்டை நானே கழுவிவிடுகிறேன் என்பது போலத்தான் அதைச் சொன்னான். அந்தக் கரிசனத்தைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

அம்மா விறுவிறுவென்று போய் அவனைத் திரையின் நடுவுக்கு இழுத்து, இரண்டு கைகளாலும் கட்டிக்கொண்டு, கன்னத்தோடு கன்னம் வைத்து அழுத்தினாள்.

"இப்ப வெட்டட்டும், பாக்கறேன்."

அவன் முதலில் விறைத்துப்போய் நின்றான். பிறகு தோள் கொஞ்சம் தளர்ந்தது. கண்ணை மூடிக்கொண்டான்.

"கை சில்லுனு இருக்கும்மா," என்றான். ஒரு நிமிஷம் பழைய வாலுவைப் பார்த்தேன்.

"அப்படியே இருங்க," என்று அப்பா பொத்தானை அழுத்திவிட்டு ஓடிவந்து மறுபக்கம் நின்றார். அது தம்பி பட்டாளத்துக்குப் போன பிறகு வாங்கிய கேமரா. தானாகப் படம் எடுப்பதற்கு முன்னால் அது பீப் பீப் என்று கத்தும், போகப்போகச் சத்தம் வேகமெடுக்கும் என்று அவனிடம் யாரும் சொல்லவில்லை. எங்களுக்குத் தோன்றவே இல்லை.

சத்தம் வேகமெடுத்தது. தம்பி கண்ணைத் திறந்தான்.

பிளாஷ் அடித்தபோது நடுவில் ஆளில்லை. தம்பி தரையில் அம்மாவின் மேல் கவிழ்ந்து, அவள் தலையைக் கைகளால் மூடிக் கிடந்தான்.

"யாரும் கிட்ட வராதீங்க," என்றான் மெல்லிய குரலில். "தள்ளிப் போங்க."

"சரிப்பா, சரிப்பா," என்று அடியிலிருந்து அம்மாவின் குரல் கேட்டது. நானும் அப்பாவும் அசையவில்லை. அவனாக எழுந்திருக்கும்வரை அப்படியே நின்றோம்.

அவன் போன பிறகு படத்தைத் திறந்தேன். அப்பாவும் வந்து பார்த்தார், கொஞ்சம் தள்ளி நின்று. ஒரு ஓரத்தில் அவர், மறு ஓரத்தில் நான். இரண்டு பேரும் பல் தெரியச் சிரிக்கிறோம். நடுவில் ஏரி. கீழ் விளிம்பில் தம்பியின் நீலச் சட்டை கொஞ்சம். அதைக் கொத்தாகப் பிடித்திருக்கும் அம்மாவின் விரல்கள்.