சாட்சிக் கையெழுத்து

ஆறு மணிக்கு எழுந்தேன். தண்ணீர் மோட்டாரைப் போட்டேன். பல் துலக்கினேன், சவரம் செய்தேன், சட்டையை இஸ்திரி போட்டேன். பால் காய்ச்சி மாமாவுக்கு ஒரு டம்ளர் கொடுத்தேன். மாமா என் மனைவியின் அப்பா. லேத் பட்டறையில் முப்பது வருடம் இருந்தவர். அவள் இறந்த பிறகு என்னுடன் இருக்கிறார்.

ஏழு பத்துக்கு அவளுடைய பிஎச்.டி. கைடு போன் செய்தார். ஐந்து நாளில் நான்காவது முறை.

"சாப்பிட்டீங்களா தம்பி? உடம்பப் பாத்துக்குங்க. அந்த லேப் நோட்ட மறக்காம எடுத்துட்டு வந்துடுங்க."

போனை வைத்ததும் மாமா கேட்டார். "வாத்தியாரா? பொண்ணு ரெண்டு நாள் லீவு கேட்டப்ப மூஞ்சி குடுக்காத மனுஷன், இப்ப சாப்பிட்டியான்னு கேக்குறாரா? பூனை பாலுக்குக் காவல் வருதுன்னா, நாமதான் மாப்ள சொம்ப மூடி வைக்கணும்."

நோட்டைப் பையில் வைத்தேன். எனக்கும் அதுதான் தோன்றியது.

அவள் பல்கலைக்கழகத்தில் ஐந்து வருடம் ஆய்வு செய்தாள். கடல்நீரைக் குடிநீராக்கும் சவ்வில் பாசி படியாமல் தடுக்கும் ஒரு பூச்சு. அதைத் தயாரித்து விற்க ஒரு கம்பெனி பல்கலைக்கழகத்திடம் உரிமம் வாங்குகிறது. இறந்தவளின் வாரிசு ஆட்சேபம் இல்லை என்று கையெழுத்துப் போட்டால்தான் கம்பெனி முன்வருமாம். வாரிசு நான்.

பேருந்தில் நோட்டைத் திறந்தேன். நான்கு மாதமாகத் திறக்கவில்லை. அவள் எழுதியதில் பாதி புரியவில்லை. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் அச்சிட்டிருந்த வரி புரிந்தது. 'படித்துப் புரிந்துகொண்டேன். இந்தக் கண்டுபிடிப்பில் எனக்குப் பங்கில்லை. சாட்சி.' அதன் கீழே கைடின் கையெழுத்து, தேதி. நாற்பத்தொரு பக்கம் பார்த்தேன். நாற்பத்தொன்றிலும் அவர்தான். அதற்குள் இறங்கும் இடம் வந்துவிட்டது.

உரிமப் பிரிவு அதிகாரி ஐம்பது வயது அம்மையார். அவருக்கு எதிரே கைடு ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார். ஃபைலை என் பக்கம் தள்ளினார்கள். கண்டுபிடித்தவர் என்ற கட்டத்தில் கைடின் பெயர் மட்டும் இருந்தது.

"இவ பேரு எங்க சார்?"

"இருக்கே தம்பி. நாலாம் பக்கம் பாருங்க."

பார்த்தேன். 'ஆய்வக உதவி' என்று போட்டிருந்தது.

"கட்டத்துல ஏன் இல்ல?"

கைடு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அது அவங்க விருப்பம் தம்பி. ஆஸ்பத்திரியில என் கையப் புடிச்சுக்கிட்டு சொன்னாங்க. 'யோசனை உங்களோடது சார், என் பேரு வேணாம்'னு. கடைசியா பேசினதே அதுதான்னு நெனைக்கிறேன். நோட்டக் குடுங்க."

"என்னிக்கு வந்தீங்க?"

"புதன்கிழமை. மத்தியானம்."

அவர் கையை நீட்டியபடியே இருந்தார். நான் நோட்டை அதிகாரியிடம் கொடுத்தேன். "மேடம், அடியில இருக்கிற வரியப் பாருங்க."

அவர் வேகமாகப் புரட்டினார். பிறகு மெதுவாகப் புரட்டினார்.

"சார், எல்லாத்துலயும் நீங்க சாட்சி போட்டிருக்கீங்க."

"அது சும்மா ஒரு வழக்கம் மேடம். லேப்ல யாரு இருக்காங்களோ அவங்க போடுறதுதான்."

"எனக்குப் பங்கில்லன்னு பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்து போட்டுட்டு, கண்டுபிடிச்சதே நான்தான்னா, கம்பெனி வக்கீல் விழுந்து விழுந்து சிரிப்பாரு சார்."

கைடின் குரல் உயர்ந்தது. "அவங்களே வாய்விட்டுச் சொன்னாங்க மேடம். செத்தவங்க வார்த்தைக்கு மதிப்பே இல்லையா?"

அதிகாரி என்னைப் பார்த்தார். "அப்படிச் சொன்னாங்களா?"

புதன்கிழமை அவள் தொண்டையில் குழாய் இருந்தது. செவ்வாய் மாலையே போட்டுவிட்டார்கள். அதன் பிறகு அவள் பேசவே இல்லை. குழாய் போடும் வரை நான் கட்டிலோரம் நின்றிருந்தேன்.

இதைச் சொன்னேன். கைடு கண்ணாடியை மறுபடி துடைத்தார்.

அதிகாரி கட்டத்திலிருந்த பெயரை ஒரு கோட்டால் அடித்தார். மேலே அவள் பெயரை எழுதி, எழுத்துச் சரியா என்று என்னிடம் கேட்டார். சரி என்றேன். பிறகு பேனாவை மூடாமலே கேட்டார். "அப்ப கடைசியா என்னதான் சொன்னாங்க?"

அவள் என்னிடம் சொன்னதை அப்படியே சொன்னேன். "அந்த ஸ்டூல இழுத்துப் போட்டு உக்காருங்களேன். எவ்ளோ நேரம் நின்னுக்கிட்டே இருப்பீங்க."