ஒரு படி மாவும் ஒன்பது படிச் சூடும்

செல்லக்கனியின் கிரைண்டர் பத்துப் படி போட்டால் ஒரு படி மாவுதான் தந்தது. மிச்சம் ஒன்பது படியும் சூடாகப் போயிற்று. சிந்தவும் இல்லை, ஒட்டவும் இல்லை. கடைக்குள் நிற்க முடியாத வெக்கை மட்டும் இருந்தது.

மாவுக்கடையை நம்பித்தான் அவள் பிழைப்பு. நாற்பது வீட்டுக்காரர்கள் தூக்குவாளியோடு வருவார்கள். இரண்டு நாளாக நாலு பேருக்குத்தான் ஊற்ற முடிந்தது. இப்படியே போனால் கடைக்குப் பூட்டுதான். அவளுக்கு வயிறு எரிந்தது. அந்த ஒரு படி மாவைச் சாட்சிக்கு எடுத்துக்கொண்டு நுகர்வோர் மன்றத்துக்குப் போனாள்.

வரிசையில் முதலில் ஒரு வெட்டுக்கிளி, பின்னால் ஒரு தவளை, தவளைக்குப் பின்னால் ஒரு சாரைப்பாம்பு. மூன்றிடமும் மனு இருந்தது; பாம்பு மட்டும் அதை வாலில் சுருட்டி வைத்திருந்தது.

“எல்லாரும் நுகர்வோர்தானா?” என்று கேட்டாள்.

“முதல்நிலை,” என்றது வெட்டுக்கிளி.

“ரெண்டாம்நிலை,” என்றது தவளை, வெட்டுக்கிளியை விழுங்கிவிட்டு.

பாம்பு பதில் சொல்லவில்லை. அதன் வாயில் தவளை இருந்தது.

வரிசை இப்படித்தான் நகர்ந்தது. யாரும் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. சன்னலுக்குள் குமாஸ்தாவாக இருந்த கறையான் மூன்று மனுக்களையும் ஒன்றாகத் தைத்து, ஓரத்தைக் கொஞ்சம் தின்றது.

“அடுத்து நீங்க பாம்பை எடுத்துக்கணும்மா.”

“இன்னைக்கு வெள்ளிக்கிழமை. நான் கவுச்சி தொட மாட்டேன்.”

“அப்ப பாம்பு திங்கக்கிழமை வரட்டும்,” என்றது கறையான். பாம்பு முணுமுணுத்துக்கொண்டே போயிற்று.

உள்ளே ஒவ்வோர் அறையும் முந்தைய அறையில் பத்தில் ஒரு பங்கு இருந்தது. நீதிபதியின் அறையில் அவள் மடங்கித்தான் நிற்க முடிந்தது. எதிரே, உற்பத்தியாளர் என்று எழுதிய கூண்டில், ஒரு தொட்டி அருகம்புல் இருந்தது.

“நீதான் கிரைண்டர் செஞ்சியா?”

“எனக்கு ஒண்ணும் தெரியாதுக்கா. உற்பத்தியாளர்னு கூப்பிட்டாங்க, வந்தேன். வெயிலத் திங்கிறதுதான் என் சோலி.”

“உனக்காவது முழுசாக் கிடைக்குதா?”

“நூத்துல ஒண்ணு,” என்று புல் தலையைக் குனிந்துகொண்டது.

செல்லக்கனிக்குப் புல்மேல் இருந்த கோபம் அப்படியே நீதிபதிமேல் ஏறியது.

“பத்துப் படி போட்டா பத்துப் படி வர வேண்டாமா? இது என்ன நியாயம்?” என்று கத்தினாள்.

அந்த அறையில் பத்து வார்த்தை சொன்னால் ஒன்றுதான் மேசைவரை போகும். நீதிபதியின் காதில் ‘படி’ என்பது மட்டும் விழுந்தது. உடனே சட்டப் புத்தகத்தை எடுத்துப் படித்தார்.

“ஒரு நிலையிலிருந்து அடுத்த நிலைக்குப் பத்தில் ஒரு பங்குதான் போகும். மிச்சம் சூடாகும். கிரைண்டர்மீது குற்றமில்லை. ஆனாலும் அந்தச் சூடு மனுதாரருடையது. திருப்பிக் கொடுத்துவிடவும்.”

கறையான் ஒன்பது படிச் சூட்டையும் அவள் தலையில் கவிழ்த்தது. ஏற்கெனவே கொதித்துக்கொண்டிருந்தவள் இப்போது ஆவி பறக்கக் கொதித்தாள்.

“சூட்டையா நான் தூக்குவாளில ஊத்துவேன்? அநியாயம் பண்ணுதிய!” என்றாள். இதில் ஒரு வார்த்தையும் மேசைக்குப் போகவில்லை.

புல்தொட்டியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு வெளியே வந்தாள். அதை வெயிலில் வைத்துவிட்டு மன்றத்து வாசற்படியில் உட்கார்ந்தாள். எழுந்து பார்த்தால், அவள் சூடெல்லாம் இறங்கிக் கல்லில் கை வைக்க முடியவில்லை. மாவை ஒரு கரண்டி ஊற்றினாள். சுர்ரென்றது. நல்ல முறுகல் தோசை.

நாற்பது வீட்டுக்காரர்களும் வாசம் பிடித்து வந்துவிட்டார்கள். ஆளுக்கு ஒன்று, முழுசாகக் கொடுத்தாள். கடைசியில் ஒரே ஒரு தோசை மிஞ்சியது.

அப்போது முதுகுக்குப் பின்னால் மூச்சு கேட்டது. நீதிபதி, கையில் தட்டோடு. வாயைப் பெரிதாகத் திறந்திருந்தார்.

“பின்னால நிக்கப்படாது ஐயா. முன்னால வாங்க.”

முன்னால் வந்தார். இப்போது வரிசையில் அவருக்குப் பின்னால் செல்லக்கனி. அது அவருக்கும் உறைத்தது. நெற்றி வியர்த்துவிட்டது.

“பயப்படாதீங்க. இன்னைக்கு வெள்ளிக்கிழமைல்லா.”

அவள் தோசையைப் பத்தாகப் பிய்த்து ஒரு துண்டை அவர் தட்டில் வைத்தாள்.

“மிச்சம்?” என்றார் நீதிபதி.

“சூடாப் போயிட்டு,” என்றாள் செல்லக்கனி, மென்றுகொண்டே.