அரை மணி நேரக் குடித்தனம்

அறை வாடகைக்கு விடுகிறவர் அதே வீட்டில் குடியிருக்க வேண்டும் என்று நகராட்சி விதி போட்டாலும் போட்டது, என் அண்ணன் பெட்டியும் கையுமாக வந்து இறங்கினார். அம்மா படுக்கையில் கிடந்த நாலு வருஷத்தில் நாலு தடவை எட்டிப் பார்த்த மகராசன். வீட்டைப் பார்க்க நகராட்சி அதிகாரி பதினோரு மணிக்கு வருகிறார் என்றதும் பத்தரைக்கே குடியேறிவிட்டார். பெட்டியில் ஒரு பல் பிரஷ், ஒரு கட்டம்போட்ட பைஜாமா. குடித்தனம் என்றால் இவ்வளவுதான் என்பது அவருடைய மேதாவித்தனம். விறுவிறுவென்று மாடிக்குப் போய் இரண்டையும் வைத்துவிட்டு இறங்கினார்.

"யாரு கேட்டாலும் வீட்டு வேலைக்கு வர்றேன்னு சொல்லு. தங்கச்சி இங்கயே இருக்கான்னு தெரிஞ்சா உன் கையெழுத்தும் கேப்பாங்க. உனக்கு எதுக்கு வீண் அலைச்சல்?"

என்ன கரிசனம்! அம்மா எங்கள் இருவருக்கும் விட்டுப்போன வீடு இது. வாடகைக்கு விடும் மாடி அறைகளில் விரிப்பு மாற்றுவதும் கழிவறை கழுவுவதும் நான். அனுமதி கைக்கு வந்ததும் சமையலறையை ஒட்டிய என் அறையையும் வாடகைக்கு விடப்போகிறாராம். எனக்கு ஒரு ஹாஸ்டல் பார்த்து வைத்திருக்கிறார். ஐம்பது வயதில் ஹாஸ்டல். அவரை எதிர்த்துப் பேசிப் பழக்கமில்லை, பயந்துகொண்டு தலையாட்டினேன்.

அதிகாரியம்மா வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் அண்ணன் தொடங்கிவிட்டார்.

"பொறந்ததுலேர்ந்து இதே வீடுதான் மேடம். இங்க படுத்தாத்தான் எனக்குத் தூக்கமே வரும்."

"எந்த ரூம்ல படுப்பீங்க?"

"மாடில முதல் ரூம்."

அந்த அறையில் மூன்று நாளாக ஒரு மருந்துக் கம்பெனி விற்பனையாளர் தங்கியிருக்கிறார். எது காலி என்று என்னிடம் ஒரு வார்த்தை கேட்டால் இவர் கிரீடம் இறங்கிவிடும். டீ குடித்துவிட்டுத் திரும்பியிருந்த விற்பனையாளர், சரியாக அந்த நேரம் பார்த்து பைஜாமாவை இரண்டு விரலால் பிடித்தபடி இறங்கி வந்தார்.

"அக்கா, முன்னாடி தங்கினவங்க இதை விட்டுட்டுப் போயிட்டாங்க போல. பாத்ரூம்ல ஒரு பிரஷ் வேற இருக்கு."

அதிகாரி என்னைப் பார்த்தார். "நீங்க யாரும்மா?"

"வேலைக்கு வர்றவங்க மேடம். நாலு மணியானா போயிடுவாங்க," என்று அண்ணன் முந்திக்கொண்டார்.

கூடப்பிறந்தவளைப் பற்றி அப்படிச் சொல்லும்போது நாக்கு ஒரு இடத்திலாவது தடுக்கியிருக்க வேண்டாமா? சரளமாக வந்தது. இந்த மனுஷனுக்கா இத்தனை நாள் பயந்தோம் என்று எனக்கு வெட்கமாகிவிட்டது.

"நான் எங்கயும் போகமாட்டேன் மேடம். இவரோட தங்கச்சி. பாதி வீடு என்னோடது. இங்க இருக்கறதும் நான்தான். இவரு பத்தரை மணிக்குத்தான் வந்தாரு."

அனுமதி கேட்டு அண்ணன் கொடுத்திருந்த மனுவின் மேல் அதிகாரி குறுக்கே ஒரு கோடு இழுத்தார்.

"இவங்க பேர்ல புதுசா மனு குடுங்க. இவங்க இங்க இருக்கற வரைக்கும்தான் ரூம் விடலாம். இவங்க வெளிய போனா அன்னிக்கே அனுமதியும் போச்சு."

அவர் போன பிறகு அண்ணன் மாடிப்படியில் உட்கார்ந்தார், மடியில் பைஜாமாவோடு.

"அப்ப இந்த வீட்ல எனக்கு இடமே இல்லையா?"

"வர்றதுக்கு முன்னாடி போன் பண்ணுங்கண்ணே," என்றேன். "ரூம் காலியா இருந்தா பாக்கலாம்."