வாத்தியார் போட்ட தேதி

சிட்லபாக்கத்தில் அப்பாதுரை வீட்டுக்கு ஒவ்வொரு ஜூன் ஒன்றாம் தேதியும், அதே தேதியில் பிறந்து எப்போதோ செத்துப்போன பிரபலங்கள் மதியச் சாப்பாட்டுக்கு வருகிறார்கள். தண்ணீர் லாரியைவிட ஒழுங்காக வருவதால் தெருவில் யாரும் குறை சொல்வதில்லை. அப்பாதுரை மின்வாரியத்தில் ஓய்வுபெற்ற மறுநாள் இது தொடங்கியது. முந்தின நாள் போட்ட மாலையும் சால்வையும் சோபாவில் கிடக்க, கிரீடம் வைத்த ஒரு ராணி, நனைந்த தொப்பியோடு ஒரு கப்பல் கேப்டன், வால்நட்சத்திரம் ஒன்றைக் கண்டுபிடித்த கிழவர், பின்னால் இன்னும் பலர், செருப்பை வாசலில் விட்டுவிட்டு உள்ளே வந்தார்கள். மனைவி கங்கையம்மாள் எட்டிப் பார்த்தாள். "என்னங்க, இத்தனை பேர்னு ஒரு போன் பண்ண மாட்டீங்களா?" என்று கேட்டுவிட்டு இன்னும் கொஞ்சம் அரிசி களைந்தாள்.

பிறந்தவர்களோடு அந்தத் தேதியில் நடந்த சம்பவங்களும் வந்தன. ஒரு வருஷம், எந்த நூற்றாண்டிலோ மூழ்கிய கேப்டனின் கப்பல் ஏரியில் எழும்பி ஆகாயத்தாமரையில் சிக்கிக்கொண்டது. வாக்கிங் போகிறவர்கள் அண்ணாந்து பார்த்துவிட்டு அடுத்த சுற்றுக்குப் போனார்கள். இன்னொரு வருஷம் ஒரு போர் வந்து முடிந்தது. சமாதானக் கையெழுத்துப் போடப் பேனா இல்லாமல் பக்கத்து வீட்டு தோத்தாத்ரி சாரிடம் வாங்கினார்கள். "போர் நின்னது சந்தோஷம். பேனா மூடியைத் தரலையே சார்" என்று அவர் இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறார். இதை எழுதுகிறவனும் அதே தெருதான். என் பிறந்தநாளுக்கு பேங்கிலிருந்து ஒரு மெசேஜ் மட்டும் வரும். பொறாமை இல்லை என்றால் நம்பவா போகிறீர்கள்.

அப்பாதுரைக்கு வருஷத்தில் அந்த ஒரு நாள்தான் நாள். முன்பு நெல்லும் இப்போது மனைகளும் விளைகிற கூடுவாஞ்சேரிப் பக்கத்து ஊரில் பிறந்தவர். சின்ன வயதில் அவர் பிறந்ததை யாரும் கொண்டாடியதில்லை. இப்போது ஒரு ராணி கன்னத்தைத் தட்டி, விளங்காத பாஷையில் வாழ்த்துகிறாள். ஆனாலும் உள்ளே ஒரு உறுத்தல். ஜூன் ஒன்று அவர் பிறந்த தேதியே இல்லை. பள்ளியில் சேர்க்கப் போனபோது ஹெட்மாஸ்டர், அந்தக் காலத்து வழக்கப்படி, வலது கையைத் தலைக்கு மேலே போட்டு இடது காதைத் தொடச் சொன்னார். தொட்டால் ஐந்து வயது. தொட்ட பிள்ளைகளுக்கெல்லாம் பள்ளிக்கூடம் திறந்த ஜூன் ஒன்றுதான் பிறந்த தேதி. அப்பாதுரைக்கு எட்டவில்லை. கூட வந்த அக்கா கன்னியம்மா, வாத்தியார் மூக்குப்பொடி போட்ட நேரம் பார்த்து, விரலைப் பிடித்து இழுத்துக் காதில் வைத்தாள். விருந்தாளிகளுக்கு இது தெரிந்தால் மறுவருஷம் ஒருவரும் வரமாட்டார்கள் என்று அவருக்கு பயம். அதனால் பொங்கலுக்கும் தீபாவளிக்கும் கூப்பிடுகிற அக்காவை இந்த நாளுக்கு மட்டும் கூப்பிடுவதில்லை.

போன வருஷம், பிறந்த ஊரிலேயே இருக்கிற அக்கா கூப்பிடாமலே வந்துவிட்டாள், இடுப்பில் ஒரு பலாப்பழத்தோடு. பந்தியைப் பார்த்து நின்றாள்.

"இன்னாடா விசேஷம்? யாரு இவங்கள்லாம்?"

"அவருக்குப் பொறந்தநாள் அண்ணி" என்றாள் கங்கையம்மாள்.

"பொறந்தநாளா? ஐப்பசி மழையில வூடு ஒழுவ ஒழுவப் பொறந்தவன் இவன். அம்மா தலைக்கு மேல மொறத்தைப் புடிச்சிகினு நின்னவ நானு! ஜூனு, வாத்தியார் போட்டதுடா. காது கூட எட்டல, நான்தான் இஸ்து வச்சேன்!" என்று தன் காதையே இழுத்துக் காட்டினாள்.

ராணி வடையைக் கீழே வைத்தாள். கேப்டன் தொப்பியை எடுத்துக்கொண்டு எழுந்தார். ஏரியில் கப்பல் மணி அடித்தது. அப்பாதுரை பாயச வாளியைக் கீழே வைத்தார்.

"அக்கா சொல்றது நெஜம்தாங்க. உங்களோட உட்கார எனக்குப் பாத்தியதை இல்ல. பாயசத்தை மட்டும் குடிச்சிட்டுப் போங்க, ஆறிடும்."

தமிழ் தெரியாத கூட்டம். ஆனால் காது புரிந்துவிட்டது. ராணி கிரீடத்தைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, வலது கையைத் தலைக்கு மேலே போட்டாள். அதன் விரல்களை இடது கையால் பிடித்து, காது வரைக்கும் இழுத்துக் காட்டினாள். அவளுக்கும் யாரோ இழுத்துதான் வைத்திருக்கிறார்கள். அடுத்து வால்நட்சத்திரக் கிழவர் இழுத்தார். அவருக்குப் பக்கத்தில் இருந்தவரும், அவருக்கடுத்தவரும் இழுத்தார்கள். உலக சரித்திரத்தில் பாதி, சிட்லபாக்கத்து ஹாலில், தலைக்கு மேலே கை போட்டுக் காதைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தது. கடைசியாகக் கேப்டனும் காதைத் தொட்டுவிட்டு உட்கார்ந்து டம்ளரை நீட்டினார். அப்பாதுரை விளிம்பு வரைக்கும் ஊற்றினார்.

பந்தியின் கடைசியில் அக்காவும் உட்கார்ந்தாள். "உனக்கு எந்தத் தேதிக்கா?" என்று அப்பாதுரை கேட்டார்.

"நான் எங்கடா பள்ளிக்கூடம் போனேன், வாத்தியார் தேதி போட? ஆதார்ல ஜனவரி ஒண்ணுன்னு போட்டுக்கீது. தேதி தெரியாதவங்களுக்கெல்லாம் அதான்னாங்க."

வால்நட்சத்திரக் கிழவர் மெல்வதை நிறுத்திக் கேட்டுக்கொண்டிருந்தார்.

இந்த ஜனவரி ஒன்றாம் தேதி கூடுவாஞ்சேரியில் ஜி.எஸ்.டி. ரோடு காலையிலிருந்தே நகரவில்லை. புத்தாண்டுக் கூட்டம் என்று டிவியில் சொன்னார்கள். கன்னியம்மா போன் செய்து பெரிய அண்டாவை அனுப்பச் சொன்னாள். கங்கையம்மாள் கரண்டியையும் அதற்குள் போட்டுக் கொடுத்தனுப்பினாள்.