எட்டு இருபது வண்டியில் வந்த தடுப்பாட்டக் கோச்

எங்கள் கல்லூரி ஒரு கோல் வாங்கினால் கோல் கம்பங்களுக்கு நடுவே ஓரடி அகலம் கூடும். விதி அப்படி. மூன்று வருடமாக வாங்கிக்கொண்டே இருக்கிறோம். இடது கம்பம் இப்போது வேதியியல் ஆய்வகத்தில் நிற்கிறது. வலது கம்பம் கேன்டீனில், வடைச் சட்டிக்குப் பக்கத்தில்.

இதில் சில சிரமங்கள் உண்டு. போன வாரம் ஆய்வகத்துக்குப் போன வேதியியல் துறைத் தலைவரை நடுவர் ஆஃப்சைடு என்று திருப்பி அனுப்பிவிட்டார். அவருக்கு அரை நாள் விடுப்பு போயிற்று. மற்றபடி வகுப்புகள் ஒழுங்காக நடக்கின்றன.

நான் உடற்கல்வி இயக்குநர். எங்கள் கோலி மரிய மிக்கேல், மூன்றாம் ஆண்டு பி.காம். தங்கமான பையன். இதுவரை அவன் கை பந்தில் பட்டதே இல்லை. பந்து போன பக்கம் அவன் ஓடிச் சேர்வதற்குள் இன்னொரு பக்கம் அடுத்த கோல் விழுந்துவிடும். ஒருநாளும் அவன் குறை சொன்னதில்லை.

இன்று மூன்று மணிக்குக் கடைசி ஆட்டம். இன்னும் ஒரு கோல் விழுந்தால் கம்பம் காம்பவுண்டுச் சுவரைத் தொட்டுவிடும். அப்புறம் கல்லூரி முழுவதும் கோல்தான். அப்படிப்பட்ட கோலை விட்டு கோலி வெளியே போகக்கூடாது. பட்டம் வாங்கினாலும் போகக்கூடாது. மிக்கேல் ஆயுசுக்கும் அங்கேயே நிற்க வேண்டியதுதான். அவன் அம்மா ஒரு பாயும் போர்வையும் கொடுத்தனுப்பியிருந்தார். அதைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது.

ஆனால் விட்டுவிடுவேனா? தடுப்பாட்டத்துக்குத் தனிக் கோச் போட அனுமதி வாங்கிவிட்டேன். பதினோரு மணிக்கு நேர்முகத் தேர்வு. விடிந்ததிலிருந்து எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

முதல்வர் அறைக்குப் போகும் வராந்தா வழக்கத்தைவிட நீளமாக இருந்தது. நேர்முகத் தேர்வு நாட்களில் அப்படித்தான் நீளும். ஓடினேன். வழியில் இரண்டு முறை தண்ணீர் குடித்தேன்.

முதல்வர் செண்பகவல்லி மேடம் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"என்னத்தைப் பாத்து எடுக்கணும் பி.டி. சார்?"

"கோல் விழுந்தா யாரத் திட்டுவாங்கன்னு பாக்கணும் மேடம். மத்ததெல்லாம் அப்புறம்."

முதலில் வந்தவர் நாற்பத்திரண்டு சான்றிதழ்கள் வைத்திருந்தார். கரும்பலகையில் அம்புக்குறி அம்புக்குறியாகப் போட்டார். அம்புகள் பலகையை விட்டு இறங்கி, அறைக்குள் அவரவர் இடத்தில் போய் நின்றன. எனக்குப் புல்லரித்துவிட்டது.

"இவ்வளவுக்கப்புறமும் கோல் விழுந்தா?" என்றேன்.

"கோலி சரியில்லன்னு அர்த்தம்."

அம்புகளைப் பொறுக்கிக்கொண்டு போகச் சொன்னோம்.

அடுத்தவர் ஓய்வுபெற்ற அட்டெண்டர். முப்பது வருடம் ஓர் அதிகாரியின் அறை வாசலில் உட்கார்ந்திருந்தவர். ஒருவரையும் உள்ளே விட்டதில்லை. அருமையான ஆள் என்று நானே துள்ளினேன். இதற்குள் முதல்வர் கை கழுவ வெளியே போய்த் திரும்பினார். இவர் வாசலில் மறித்துக்கொண்டார்.

"மேடம் மீட்டிங்ல இருக்காங்க. நாளைக்கு வாங்க."

"நாந்தாம்ப்பா அந்த மேடம்."

"அப்ப என்ன விசயம்னு எழுதிக் குடுத்துட்டுப் போங்க."

முதல்வர் எழுதிக் கொடுத்தார். தன் அறைக்குள் வர அவருக்கு ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. இந்த மனிதர் நம் ஆட்களையே மைதானத்துக்குள் விடமாட்டார் என்று முடிவு செய்தோம்.

மூன்றாவதாக முத்துக்கனி அக்கா வந்தார். ஏரலிலிருந்து தினமும் சந்தைக்கு வெற்றிலை கொண்டுவருபவர். தலையில் கூடை, கூடைக்கடியில் சும்மாட்டுத் துணி, தோளில் ஒரு சிவப்புத் துண்டு.

"அனுபவம்?" என்றார் முதல்வர்.

"எட்டு இருவது வண்டில இருவத்தாறு வருசமா வாரேன் தாயி. ஒருநாளு நின்னுக்கிட்டு வந்ததில்ல."

"அதுக்கு அத்தாட்சி?"

அக்கா தோளிலிருந்த துண்டை எடுத்து ஒரு காலி நாற்காலியில் எறிந்தார். நான் அதில்தான் உட்காரப் போயிருந்தேன். முடியவில்லை. பாதி குனிந்தபடி நின்றுவிட்டேன். முதல்வரும் வந்து முயன்றார். அவராலும் முடியவில்லை.

அக்கா அதையெல்லாம் கவனிக்கவில்லை. ஜன்னல் வழியாக மைதானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்தப் பய எம்புட்டு நேரமா நிக்கான்?"

"மூணு வருசமா."

"அடப் பாவியளா."

இன்று வந்தவர்களில் மிக்கேலைப் பற்றிக் கேட்டவர் அவர் ஒருவர்தான். முதல்வர் பச்சை மையில் கையெழுத்துப் போட்டார். நான் கைதட்டினேன். மணி இரண்டு.

"இருக்கிற துண்டு, கைக்குட்டை, பை, எல்லாத்தையும் எடுத்துட்டு வரச் சொல்லுங்க," என்றார் அக்கா.

விடுதியே காலியாயிற்று. குளியல் துண்டுகள் வந்தன. துறைத் தலைவர் குடையைக் கொடுத்தார். கேன்டீன் மாஸ்டர் தோசைக்கல் துடைக்கிற துணியைக் கொடுத்தார். ஆய்வகம் தொடங்கி வடைச் சட்டி வரைக்கும் கோல் கோட்டின் மேல் வரிசையாகப் போட்டோம். எங்கள் அணிக்கு இதைத் தவிர வேறு பயிற்சி கொடுக்க நேரமில்லை.

மூன்று மணிக்கு ஆட்டம் தொடங்கியது. எதிரணியின் ஒன்பதாம் எண்காரன் பனைமர உயரம். எங்கள் பத்துப் பேரையும் தாண்டிக் கோட்டுக்கு வந்துவிட்டான். நின்றான். கீழே பார்த்தான்.

"இங்க ஆள் வருதா?"

"வருது," என்றார் அக்கா.

அடுத்த துண்டுக்குப் போனான். "இங்க?"

"வருது."

பந்தைத் தட்டிக்கொண்டே ஒவ்வொரு துண்டாகக் கேட்டுக்கொண்டு போனான். நானும் கோட்டோரமாகக் கூடவே ஓடினேன். கேன்டீன் பக்கத்தில், குடைக்கும் தோசைத் துணிக்கும் நடுவில், ஓரடி இடம் வெறுமையாகக் கிடந்தது. நான் பார்த்த அதே நேரம் அவனும் பார்த்துவிட்டான். காலை ஓங்கினான். மிக்கேல் ஆய்வகத்திலிருந்து ஓடி வந்துகொண்டிருந்தான். வழக்கம்போல் தூரம் அதிகம்.

அக்கா கூடையை இறக்கினார். சும்மாட்டுத் துணியை உருவினார். அறுபதடி தூரத்திலிருந்து, ஓடுகிற வண்டியின் ஜன்னலுக்குள் போடுவதுபோல, வீசினார்.

துணி அந்த ஓரடியில் போய் விழுந்தது.

"ஆள் வருது!" என்று நான் கத்தினேன். தொண்டை கட்டிவிட்டது. ஓங்கிய கால் அப்படியே இறங்கியது.

நடுவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "ஆள் வரலன்னா துண்டு செல்லாது. எங்க ஆள்?"

அக்கா என்னைப் பார்த்தார். நான் கல்லூரியைப் பார்த்தேன். வகுப்பறைக் கதவுகள் திறந்தன. பி.காம். வந்தது. விலங்கியல் வந்தது. முதல்வர் செண்பகவல்லி மேடம் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தார். அவரவர் துண்டில் அவரவர் உட்கார்ந்தார்கள். துறைத் தலைவர் தன் குடையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். இந்த முறை யாரும் ஆஃப்சைடு என்று சொல்லவில்லை.

சும்மாட்டுத் துணி மட்டும் மிச்சம். மிக்கேல் மூச்சு வாங்க அதன் முன்னால் நின்றான்.

"ஒனக்குப் போட்டதுதான்ல. உக்காரு," என்றார் அக்கா.

அவன் என்னைப் பார்த்தான். நான் தலையாட்டினேன். மூன்று வருடம் கழித்து மிக்கேல் உட்கார்ந்தான். காலை நீட்டிக்கொண்டான்.

நடுவர் கண்டக்டர் மாதிரி இரண்டு விசில் அடித்தார். நானும் ஏறிக்கொண்டேன். கோல் கிளம்பியது. மெதுவாக ஆடிக்கொண்டு காம்பவுண்டு வாசலைத் தாண்டியது. எதிரணி ஓடிவந்து தொற்றிக்கொண்டது. உட்கார அவர்களுக்கு இடமில்லை. மேல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். ஒன்பதாம் எண்காரன் ஒரு கையால் கம்பியையும் மறுகையால் பந்தையும் பிடித்திருந்தான். வளைவு வரும்போதெல்லாம் சாய்ந்தான்.

மிக்கேல் அவனை அண்ணாந்து பார்த்தான்.

"அண்ணே, நின்னுக்கிட்டே எவ்ளோ நேரந்தான் வச்சிருப்பீங்க. பந்தக் குடுங்க, மடில வச்சிக்கிடுதேன்."

"ரொம்ப நன்றி தம்பி," என்று அவன் பந்தைக் கொடுத்தான்.

மிக்கேல் அதை இரண்டு கையாலும் வாங்கி மடியில் வைத்துக்கொண்டான்.

"சூடா இருக்கு சார்," என்று என்னிடம் சொன்னான்.