பதினேழாம் கோட்டு வெள்ளி

மருதமுனைச் சபூறாவுக்கு எதையும் மொட்டையாக விடத் தெரியாது. அடுப்படிக்குக் கைபிடித் துணி நெய்தாலும் அதற்கொரு கரை வைத்துவிடுவாள். கல்முனைக் கடைகளில் கலியாணச் சேலை எடுக்க வருகிறவர்கள் "இது சபூறாட கரையா?" என்று கேட்டுவிட்டுத்தான் விரித்துப் பார்ப்பார்கள். அந்தக் கைப்பழக்கம்தான் எண்பத்தொன்றாம் ஆண்டு சவளக்கடை வயலில் வெள்ளியையும் தங்கத்தையும் விளைய வைத்தது.

சூறாவளி அடித்து மூன்றாம் வருடம் அது. தண்ணீருக்குக் குறுக்கே போகும் கிட்டங்கித் தாம்போதிக்கு அப்பால், சவளக்கடைப் பக்கம் மண்ணுக்கடியில் ஈயமும் துத்தநாகமும், அவற்றோடு ஒட்டிக்கொண்டு வெள்ளியும் தங்கமும் கிடக்கலாம் என்று கொழும்பில் யாருக்கோ தோன்றிவிட்டது. ஆயிரக்கணக்கான ஏக்கரை ஆராய்ந்து பார்க்க ஒரு கூட்டம் வந்து கூடாரம் அடித்தது. அதற்குப் பொறுப்பாக வந்தவன் கனகரெத்தினம், மட்டக்களப்புப் பிள்ளை, கல்லையும் மண்ணையும் பற்றிப் பெரிய படிப்புப் படித்தவன். வெயிலில் அலைந்து அலைந்து, தொப்பியைக் கழற்றினால் நெற்றி மட்டும் வேறு யாருடையதோ போல் வெளுத்திருக்கும்.

வேலை பெரிய வித்தை ஒன்றுமில்லை. நிலத்தைக் கோடு கோடாக அளந்து, கோட்டில் இருபது கவடு நடைக்கு ஒரு கட்டை அடிப்பார்கள். ஒவ்வொரு கட்டையடியிலும் முழங்கை ஆழம் தோண்டி, இரண்டு கை மண்ணை அள்ளி, நம்பர் போட்ட துணிப்பையில் கட்டி, பையோடு வெயிலில் காயவைத்துக் கொழும்புக்கு அனுப்புவார்கள். எந்தப் பை மண்ணில் என்ன உலோகம் என்று அங்கே பார்த்துச் சொல்வார்கள். கட்டை அடிக்கப் போயிருந்த மசூர், பைக்கு ஆள் தேடுகிறார்கள் என்று அறிந்ததும் தன் மனைவி சபூறாவின் பெயரைச் சொல்லிவிட்டு வந்தான். முதல் தொகுதிக்கு அறுநூறு பை, நம்பரும் அவளே தைத்துக் கொடுக்க வேண்டும்.

ஐந்நூற்றெண்பத்தெட்டுப் பைகளை அவள் வெறும் பருத்தியில்தான் தைத்தாள். அதற்கே மனதைக் கல்லாக்கிக்கொள்ள வேண்டியிருந்தது. மிச்சப் பன்னிரண்டு பைகளில்தான் கை நிற்கவில்லை.

"மச்சான், எங்கட வயலுக்குள்ள எந்த நம்பர் வருது?" என்று அவள் கேட்டிருந்தாள்.

"பதினேழாம் கோடு. ஒம்பதாம் கட்டையில இருந்து இருபது மட்டும்" என்றான் மசூர்.

அந்த ஐந்து ஏக்கர் சபூறாவின் சீதனம். அவளுடைய உம்மாவின் குடியில் ஒரு வழக்கம் உண்டு. சீதன வயலின் முதல் நெல் பெண்ணின் வீட்டுக்கு வெறுஞ்சாக்கில் வராது. சரிகைக் கரை போட்ட பையில்தான் வரும். அதற்கென்றே அசல் வெள்ளியில் பொன்முலாம் பூசிய சரிகை நூல் கொஞ்சம் அவளுடைய பெட்டகத்தில் எப்போதும் இருக்கும். நெல்லுக்கே அந்த மரியாதை என்றால், முதல்முறையாகக் கொழும்புக்குப் பயணம் போகிற மண்ணை மொட்டைத் துணியில் கட்டி அனுப்ப அவளுக்கு மனம் வருமா? பதினேழாம் கோட்டின் அந்தப் பன்னிரண்டு பைகளுக்கும் சரிகை வைத்தாள். வெளியே வைத்தால் கூடாரத்துப் பிள்ளைகள் சிரிப்பார்கள் என்று, வாயை மடித்து உட்பக்கமாக வைத்தாள். கை ஓட்டத்தில் பதின்மூன்றாவது பை ஒன்றையும் தைத்து, சிரித்துக்கொண்டே பெட்டகத்தில் போட்டாள்.

ஒரு மாதம் கழித்து முடிவு வந்தது. பதினேழாம் கோட்டில் வெள்ளி. தங்கமும் இருக்கிறதாம்.

செய்தியை மருதமுனை முழுக்கப் பரப்பும் வேலையைத் தேத்தண்ணிக் கடைச் சீனிமுகம்மது தன் தலையில் போட்டுக்கொண்டார். மசூர் கடைக்குள் நுழைந்தால், பெரிய வயற்காரருக்குரிய பட்டத்தைச் சூட்டி, "தங்கப் போடியார் வாறார், வாங்கில இடம் விடுங்க" என்பார். பால் தேத்தண்ணி கேட்காமலே வந்தது. மசூரும் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு சிரித்தபடி திரிந்தான். ஊருக்கே பெருநாள் வந்த மாதிரி இருந்தது. சபூறா மட்டும் நாட்களை எண்ணிக்கொண்டிருந்தாள். மழைக்கு இன்னும் ஒரு மாதம்தான். வயலைத் தோண்டினால் விதைப்பு எங்கே? தோண்டி நிஜமாகவே எடுத்தார்கள் என்றால் வயல்தான் எங்கே?

ஒரு வெள்ளிக்கிழமை கனகரெத்தினம் அவர்கள் வீட்டுக்குப் பகல் சாப்பாட்டுக்கு வந்திருந்தான். மீன் ஆணத்தைச் சோற்றில் பிசைந்தபடி தனக்குள் பேசுவது போலச் சொன்னான்.

"எனக்கு ஒண்டும் விளங்கல்ல ராத்தா. இப்பிடியான இடத்தில வெள்ளி ஈயத்தோட சேர்ந்துதான் கிடக்கும். ஒங்கட வயல்ல ஈயமும் இல்ல, துத்தநாகமும் இல்ல. வெள்ளி மட்டும் தனிய வந்து நிக்குது. அதுவும் ஒம்பதாம் கட்டையில தொடங்கி இருபதாம் கட்டையில டக்கெண்டு முடியுது. அடுத்த வயல்ல ஒரு பொட்டும் இல்ல."

"வெள்ளிக்கு எங்கட வரம்பு தெரிஞ்சிருக்கு" என்று மசூர் சிரித்தான்.

சபூறாவின் கை அகப்பையோடு அப்படியே நின்றது. ஒன்பதிலிருந்து இருபது. அவள் உள்ளே சரிகை வைத்த பன்னிரண்டு பைகளும் அவைதான்.

"மேல உள்ளவங்களுக்கு நல்ல சந்தோசம். திங்கக்கிழமை துளைபோடுற மெஷின் வருது" என்றான் கனகரெத்தினம்.

"இன்னும் கொஞ்சம் சோறு போடட்டா தம்பி?" என்று மட்டும் அவள் கேட்டாள்.

சொல்லியிருக்கலாம். ஆனால் சொன்னால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். கரைக்குப் பேர்போன சபூறா மண்பைக்கும் சரிகை வைத்தாளாம் என்று கல்முனை தொடக்கம் அக்கரைப்பற்று வரை சிரிக்கும். அடுத்துத் தருவதாகச் சொன்ன இரண்டாயிரம் பையும் போய்விடும். அதையெல்லாம் தாங்கிக்கொள்ளலாம். கல்யாணம் முடித்து இத்தனை வருடத்தில் மசூரின் முகத்தில் இவ்வளவு சிரிப்பை அவள் கண்டதில்லை. அதை அணைக்கத்தான் பயம். வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாளும் தறியில் உட்கார்ந்தாள். மூன்று நாளும் நூல் அறுந்தது.

திங்கட்கிழமை காலையில் மெஷினை ஏற்றிய லொறி தாம்போதியைத் தாண்டியது. சபூறா பெட்டகத்தைத் திறந்து பதின்மூன்றாவது பையை எடுத்து முக்காட்டுக்குள் வைத்துக்கொண்டு சவளக்கடை பஸ் ஏறினாள்.

வயலில் பாதி ஊர் நின்றது. சீனிமுகம்மது கடையையே பூட்டிவிட்டு வந்திருந்தார். வயல் வரம்பை வெட்டி லொறிக்கு வழி செய்ய இருவர் மண்வெட்டியைத் தூக்கியிருந்தார்கள்.

"கொஞ்சம் நில்லுங்க தம்பி" என்றாள் சபூறா. "அந்த அடுப்பில நெருப்பு இரிக்கா? ஒரு பால்மாப் பேணி மூடி தாங்க."

யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. அவள் பையை எடுத்து அந்தத் தகர மூடியில் வைத்து, கூடாரத்து அடுப்பிலிருந்து ஒரு கொள்ளியை எடுத்து மூட்டினாள். பருத்தி பற்றிக்கொண்டு சுருண்டது. சாம்பல் ஆனதும் குனிந்து ஊதினாள். மூடியின் நடுவில் மெல்லிய கம்பிச் சுருள் ஒன்று மினுங்கிக்கொண்டு கிடந்தது.

"இதான் தம்பி எங்கட வயல்ல உள்ள வெள்ளி. தங்கமும் இதிலதான் பூசியிரிக்கி" என்றாள். "எங்கட வயல் மண் போற பன்னெண்டு பைக்கும் உள்ளுக்குச் சரிகை வெச்சித் தச்சிட்டன். பை உரஞ்சி மண்ணோட சேர்ந்திரிக்கும். என்னில பிழை."

கனகரெத்தினம் கழுத்தில் தொங்கிய பூதக்கண்ணாடியை எடுத்து அந்தச் சுருளை உற்றுப் பார்த்தான். சாம்பலைப் பார்த்தான். சபூறாவைப் பார்த்தான். பிறகு தொப்பியைக் கழற்றிவிட்டு வரம்பில் குந்தி, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தான். முடிவு வந்த நாளிலிருந்து அவனுடைய படிப்பையெல்லாம் கேலி பண்ணிக்கொண்டிருந்த வில்லங்கம் தீர்ந்த சிரிப்பு அது.

சபூறா மசூரைப் பார்க்கவில்லை. பார்க்கத் துணிவில்லை. அவனே பக்கத்தில் வந்து நின்றான்.

"எப்ப தெரியும் ஒனக்கு?"

"வெள்ளிக்கிழம. ஒங்கட சந்தோசத்தக் கெடுக்க மனசு வரல்ல மச்சான்."

"எனக்கென்ன சந்தோசம் புள்ள" என்றான் மசூர். "ஊரெல்லாம் சிரிக்கக்குள்ள நான் மட்டும் மூஞ்சத் தூக்கிக்கிட்டுத் திரிய ஏலுமா? ஒண்ட சீதனத்தில தங்கம் எண்டா நீ சந்தோசப்படுவாய் எண்டு நான் பல்லக் காட்டிக்கிட்டுத் திரிஞ்சன். தங்கத்த வெச்சி நான் என்ன செய்ய? எனக்கு விதைக்கத்தான் தெரியும்."

சபூறா அப்போதுதான் அவனை நிமிர்ந்து பார்த்தாள். சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்ததால் முக்காட்டால் முகத்தை மூடிக்கொண்டாள்.

"அப்ப இனித் தங்கப் போடியார் இல்ல, சரிகைப் போடியார்" என்றார் சீனிமுகம்மது. கடையைப் பூட்டிவிட்டு வந்ததற்கு அவருக்கு இதுவே போதுமாக இருந்தது.

மேலே உள்ளவர்கள் லேசில் நம்பவில்லை. சபூறா தைத்த பன்னிரண்டு மொட்டைப் பைகளில் அதே இடத்து மண் மறுபடியும் கொழும்புக்குப் போனது. சுத்தமான வயல் மண், வேறொன்றுமில்லை என்று பதில் வந்தது. லொறி நாற்பதாம் கோட்டுப் பக்கம், மலையடிக்குப் போனது. அங்கே ஈயமும் துத்தநாகமும் நிஜமாகவே கொஞ்சம் தட்டுப்பட்டிருந்தன. இரண்டாயிரம் பைக்கும் ஆள் மாறவில்லை. ஒரேயொரு நிபந்தனையைக் கனகரெத்தினம் தாளில் எழுதி, அடியில் இரண்டு கோடு கீறிக் கொடுத்தனுப்பினான்: கரை வேண்டாம்.

மழை நேரத்துக்குப் பெய்தது. மசூர் வெள்ளைச் சட்டையைக் கழற்றி மடித்து வைத்துவிட்டுச் சேற்றில் இறங்கினான். மாசியில் கதிரறுத்துச் சூடடித்தபோது முதல் நெல் வழக்கம்போலச் சரிகைப் பையில் சபூறாவின் வீட்டுக்கு வந்தது. அதைக் குற்றி, அரிசியில் பாதியை இன்னொரு சரிகைப் பையில் கட்டி மசூரிடம் கொடுத்தாள். இம்முறை கரையை வெளியே வைத்திருந்தாள்.

"அந்தத் தம்பிக்கிட்டக் குடுங்க. கொழும்புக்கு அனுப்பிப் போடாம, ஆக்கித் தின்னச் சொல்லுங்க."

நான்காம் நாள் பை வெறுமையாகத் திரும்பி வந்தது. அதன் வாயில், மண்பைக்குக் கட்டுகிற கடதாசி மட்டை கட்டியிருந்தது. அதில் ஒவ்வொரு உலோகத்துக்கும் நேரே கனகரெத்தினம் தன் கையால் எழுதியிருந்தான். ஈயம்: இல்லை. துத்தநாகம்: இல்லை. வெள்ளி, தங்கம்: பையில் மட்டும். அடியில், குறிப்பு எழுதும் இடத்தில் ஒரு வரி: இந்த வயலில் தோண்டக் கூடாது, விதைக்க வேண்டும்.

மசூர் அதை மூன்று தரம் சத்தமாக வாசித்தான். நான்காம் தரம் சபூறா மட்டையை அவனிடமிருந்து பறித்துப் பெட்டகத்தில், சரிகை நூலுக்குப் பக்கத்தில் வைத்துப் பூட்டினாள்.