மேடையில் விட்ட வேலை

மேடைக்கும் வாழ்க்கைக்கும் நடுவே திரை என்று ஒன்று கிடையவே கிடையாது. எங்கே நின்று சொன்னாலும் சொல் ஒரு செயல்தான். விமர்சனத் தத்துவத்தையும் நிகழ்த்துகலைக் கோட்பாட்டையும் இப்படி முடிச்சுப்போட்டே தத்துவத் துறைத் தலைவர் ஆனவர் அவர். மாணவர்கள் வைத்த பெயர் திரைச்சீலை.

புத்தக வெளியீட்டன்று கல்லூரி அரங்கு நிறைந்திருந்தது. முதலில் மனைவியைக் காட்டி, "இந்தப் புத்தகத்துல பாதி இவளோட உழைப்பு. இத்தனை நாளா அதைச் சொல்லாதது என் தப்பு" என்றார். மூன்றாம் வரிசையில் அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அதோடு மனிதர் இறங்கியிருக்கலாம். கைதட்டல் யாரை விட்டது? கொள்கைக்கு உதாரணம் காட்டுகிறேன் பேர்வழி என்று, முன்வரிசையில் இருந்த கல்லூரி முதல்வரைப் பார்த்து, "இந்த நிமிஷமே வேலையை ராஜினாமா செய்றேன்!" என்று முழங்கினார். அரங்கு அதிர்ந்தது.

கூட்டத்துக்குக் கூட்டம் திரைச்சீலையின் விமர்சனத்தைக் கேட்டுக் காது புளித்துப்போனவர் முதல்வர். மறுநாள் காலையிலேயே கூப்பிட்டு அனுப்பினார்.

"உங்க ராஜினாமாவை ஏத்துக்கிட்டேன், சார்."

திரைச்சீலை நாற்காலியை விட்டு எழுந்தேவிட்டார். "ஐயோ, அது மேடையில சும்மா சொன்னது!"

"மேடைன்னு தனியா ஒண்ணு இல்லைன்னு முன்னுரையிலயே எழுதியிருக்கீங்களே?"

பக்கத்து நாற்காலியில், துறையில் திரைச்சீலைக்கு அடுத்த இடத்தில் இருந்த பேராசிரியர் உட்கார்ந்திருந்தார். மேடைச் சொல் வெறும் பதர் என்று வாழ்நாளெல்லாம் திரைச்சீலையோடு மல்லுக்கு நின்றவர். தலைவர் நாற்காலி காலியாகிறது என்றதும் ஒரே இரவில் ஞானோதயம் வந்துவிட்டது. "சொன்னா சொன்னதுதான். மேடையா இருந்தா என்ன, மாடிப்படியா இருந்தா என்ன?" என்றார் கூசாமல்.

தன் வாதம் இவ்வளவு கெட்டியானது என்று திரைச்சீலைக்கு அன்றுதான் தெரிந்தது.

"நடிச்சேன், சார். நேத்து மேடையில நான் சொன்னது எல்லாமே நடிப்பு."

"எல்லாமேவா?"

"ஒரு வார்த்தைகூட நிஜமில்லை."

முதல்வருக்கு அது போதும். தன் பேச்சே நடிப்பு என்று ஒப்புக்கொண்ட திரைச்சீலை இனி கூட்டங்களில் வாயைத் திறக்க மாட்டார். சிரித்துக்கொண்டே போகச் சொன்னார்.

வீட்டில் மனைவி அடுத்த புத்தகத்தின் கைப்பிரதியைத் திருத்திக்கொண்டிருந்தாள். செருப்பைக் கழற்றுவதற்குள் இவருக்குப் பொறுக்கவில்லை. "வேலை தப்பிச்சுது! மேடையில சொன்னது அத்தனையும் நடிப்புன்னு ஒரே போடா போட்டுட்டேன்!"

அவள் பேனாவை மூடினாள். "அத்தனையுமா?"

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. "உன்னைப் பத்திச் சொன்னது மட்டும் நிஜம்மா."

"அதை முதல்வர் ரூம்ல சொன்னீங்களா?"

அவர் குனிந்து செருப்பைக் கழற்றினார். அவள் தாள்களை அடுக்கி அவர் பக்கம் தள்ளினாள்.

"என் பாதியையும் நீங்களே எழுதிக்குங்க."

துறைத் தலைவர் நாற்காலியில் இன்றும் அவர்தான் உட்கார்ந்திருக்கிறார். அடுத்த புத்தகம்தான் வந்தபாடில்லை.